40 நாட் வேகத்துக்குக் கொடுத்த விலை: ஃப்ரீடம், இண்டிபெண்டன்ஸ், கமோர்ட்டா

மூவாயிரத்துச் சொச்சம் டன் எடையுள்ள போர்க்கப்பலில் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது. வேகத்தைக் கூட்டினால் ஆயுதமோ எரிபொருளோ குறையும். உடலை லேசாக்கினால் கொந்தளிக்கும் கடலில் அது எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி வரும். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் கரையோரப் போர்க்கப்பல் திட்டம் போல நல்ல உதாரணம் கிடையாது. ஒரே தேவைப் பட்டியலை வைத்து இரண்டு அணிகள் இரு வேறு கப்பல்களை வடிவமைத்தன. கடற்படை இரண்டையுமே வாங்கியது. லாக்ஹீட் மார்ட்டின் அணியின் ஃப்ரீடம் ஒன்று, ஆஸ்டல் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் கட்டிய இண்டிபெண்டன்ஸ் இன்னொன்று. ஏறத்தாழ அதே எடையுள்ள, நம் இந்தியக் கடற்படையின் கமோர்ட்டாவையும் பக்கத்தில் நிறுத்தினால் கணக்கு இன்னும் தெளிவாகும்.

அமெரிக்கர்கள் கேட்ட வேகம் 40 நாட்டுக்கு மேல் (நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு), அதாவது மணிக்கு 74 கிலோமீட்டருக்கும் அதிகம். மற்ற எல்லாச் சிக்கலும் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் கிளம்பின என்பது என் கருத்து.

என்ஜின்களைப் பாருங்கள். கமோர்ட்டாவில் நான்கு பீல்ஸ்டிக் டீசல் என்ஜின்கள், மொத்தம் சுமார் 15.5 மெகாவாட், வேகம் 25 நாட். ஃப்ரீடமிலும் அதே பீல்ஸ்டிக் குடும்பத்து டீசல்கள் இரண்டு உண்டு. ஆனால் அவற்றோடு தலா 36 மெகாவாட் தரும் ரோல்ஸ் ராய்ஸ் எம்டி30 டர்பைன்கள் இரண்டு. எல்லாம் சேர்த்தால் 85 மெகாவாட்டை நெருங்குகிறது, வேகம் 45 நாட் அளவில். வேகம் 1.8 மடங்கு கூட, சக்தி ஐந்தரை மடங்கு! வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்று கப்பல் கட்டுபவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கோடு இது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அந்தச் சக்தியைத் தரும் இயந்திரங்களுக்கு இடம் வேண்டும், எடை வேண்டும், எரிபொருள் வேண்டும். அந்த இடத்தில் வேறெதையும் வைக்க முடியாது.

ஃப்ரீடமின் உடல் எஃகு, மேற்கட்டுமானம் அலுமினியம். வேகம் எடுக்கும்போது நீரைக் கிழிப்பதோடு ஓரளவு நீர்மேல் எழுந்தும் ஓடும் வடிவம். ஆனால் பின்பக்கம் அகன்று தட்டையாக இருக்கும் இத்தகைய உடல், மெதுவாகப் போகும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். ரோந்துக் கப்பலின் வாழ்நாளில் பெரும்பகுதி 10 முதல் 18 நாட் வேகத்தில்தான் கழிகிறது. எடையும் இடிக்கத் தொடங்கியது: முதல் கப்பலின் பின்பக்கத்தில் மிதவைத் தொட்டிகளை வெளியே பொருத்த வேண்டியதாயிற்று, அடுத்து வந்த ஃபோர்ட் வொர்த்தின் பின்பகுதியை நீட்டிக் கட்டினார்கள். 2011 சோதனை ஓட்டத்தில் ஃப்ரீடமின் உடலில் 6 அங்குல விரிசலும் கண்டது.

ஆனால் அதைப் படுத்தி எடுத்தது கியர். உச்ச வேகத்துக்கு டீசலும் டர்பைனும் சேர்ந்து இழுக்க வேண்டும். நடை வேறான இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டுவது போன்ற வேலை இது. அதைச் செய்வது ஓர் இணைப்பு கியர்பெட்டி. 2015 நவம்பரில் பணியில் சேர்ந்த ஃப்ரீடம் வகைக் கப்பலான மில்வாக்கி அடுத்த மாதமே நடுக்கடலில் நின்று இழுவைப் படகின் பின்னால் துறைமுகம் வந்தது. கிளட்ச் விலக வேண்டிய நேரத்தில் விலகவில்லை. உராய்ந்த உலோகத் துகள்கள் எண்ணெய் வடிகட்டியை அடைத்துவிட்டன. பின்னர் இதே கியர்பெட்டியில் வடிவமைப்புக் கோளாறே இருப்பது தெரிந்து, 2021 ஜனவரியில் புதிய ஃப்ரீடம் கப்பல்களை ஏற்பதைக் கடற்படை நிறுத்திவைத்தது.

இண்டிபெண்டன்ஸ் வேறு வழியில் போனது. முழுக்க அலுமினியம், நடுவில் மெல்லிய நீண்ட உடல், இருபுறமும் சிறு துணை உடல்கள். ஆஸ்டல் கட்டிய அதிவேகப் பயணிக் கப்பலின் வழிவந்த வடிவம். மெல்லிய உடலுக்கு நீரின் எதிர்ப்பு குறைவு, அதனால் அதே எரிபொருளில் இன்னும் தூரம் போகும். 31 மீட்டருக்கு மேல் அகலம் இருப்பதால் பக்கவாட்டு ஆட்டம் குறைவு, ஹெலிகாப்டர் தளமோ ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல். அலை இருக்கும்போது ஹெலிகாப்டரை இறக்குவதற்கு மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

சரி, குறை எங்கே? துணை உடல்களுக்கு இடையே கூரைபோல் இருக்கும் அடிப்பரப்பை எதிரலை கீழிருந்து அறையும். அலுமினியத்துக்கு அது நல்லதில்லை. எஃகில் அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை வளைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அலுமினியத்தில் அப்படி ஒரு பாதுகாப்பு எல்லை கிடையாது, சின்னச் சின்ன வளைவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். 2022இல் இந்த வகைக் கப்பல்கள் ஆறில் விரிசல் இருப்பது வெளியே வந்தது. சுமார் 8 அடிக்கு மேல் அலை எழும் கடலில் 15 நாட்டைத் தாண்டக் கூடாது என்று சில கப்பல்களுக்குக் கட்டுப்பாடு! விரிசல்கள் நீர்மட்டத்துக்கு மேலேதான், ஆபத்தில்லை என்றது கடற்படை. அப்படியே வைத்துக்கொண்டாலும், 40 நாட்டுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த கப்பல் நடுத்தரக் கொந்தளிப்பிலேயே 15 நாட்டில் ஊர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அரிப்புச் சிக்கலும் இருந்தது. நீரைப் பீய்ச்சிக் கப்பலை உந்தும் வாட்டர்ஜெட் பகுதியில் அலுமினியமும் வேறு உலோகமும் உப்புநீரில் சேர்ந்து பேட்டரி போல் வேலை செய்ய, அலுமினியம் கரைந்தது. அதைத் தடுக்கும் மின்வேதிப் பாதுகாப்பு முதல் கப்பலில் இல்லை. அடுத்தடுத்து வந்தவற்றில் சேர்த்தார்கள்.

இப்போது கமோர்ட்டா. 2014இல் கடற்படையில் சேர்ந்தது, கொல்கத்தாவில் கட்டியது, நீர்மூழ்கி வேட்டைக்கானது. 109 மீட்டர் நீளம், எஃகு உடல், சுழல்விசிறி உந்துதல். எல்லாம் பழகிய தொழில்நுட்பம். 76 மிமீ பீரங்கி, நீர்மூழ்கி எதிர்ப்பு ராக்கெட் ஏவிகள், டார்பிடோ குழாய்கள், சோனார், ஹெலிகாப்டர் எல்லாம் கப்பலிலேயே நிரந்தரமாக இருக்கின்றன. அமெரிக்கக் கப்பல்களில் நீர்மூழ்கி எதிர்ப்புக் கருவிகள் தனித் தொகுதியாக வருவதாக இருந்தது. அந்தத் தொகுதியைப் பிறகு கைவிட்டுவிட்டார்கள். எடை விஷயத்திலும் நம்மவர்கள் கவனமாக இருந்தார்கள். இதே வகையில் பின்னால் வந்த கில்டன், கவரத்தி இரண்டிலும் மேற்கட்டுமானத்தைக் கார்பன் இழைக் கலவையில் கட்டியதால் மேலே பாரம் குறைந்தது. மேற்பாரம் குறைந்தால் கப்பல் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும்.

கமோர்ட்டாவை நான் மேலே வைப்பது கடலோடும் தகுதிக்காக. எல்லா விதத்திலும் அதுதான் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. வான் தாக்குதல் வந்தால் கிட்டத்துப் பீரங்கிகள்தான் துணை. தொலைவிலேயே ஏவுகணையை வீழ்த்தும் ஏற்பாடு இல்லாதது பெரிய ஓட்டை. 25 நாட் வேகத்தில் ஒரு வேகப்படகையும் துரத்த முடியாது. ஆனால் துரத்துவது ஹெலிகாப்டரின் வேலை, கப்பலின் வேலையில்லை. அமெரிக்கக் கடற்படையும் இந்த முடிவுக்குத்தான் வந்தது போலிருக்கிறது: 2020இல் அடுத்த ஃபிரிகேட் எனும் நடுத்தரப் போர்க்கப்பலுக்கு இத்தாலிய வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தபோது அதன் வேகம் 26 நாட்டுக்குச் சற்று மேல்தான். அடுத்த ஆண்டே ஃப்ரீடம், இண்டிபெண்டன்ஸ் என்ற இரண்டு முதல் கப்பல்களும் பணியிலிருந்து விலக்கப்பட்டன.