மதர்போர்டு வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் இருக்கும் "ஓ.சி." எழுத்தைக் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்

போன மாதம் கண்டியில் ஒரு கடையில் மதர்போர்டு (கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களையும் பூட்டும் பலகை) வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயர் வேண்டாம், ஆனால் அங்கே நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து கண்டிக்கு இறங்கிச் சாமான் வாங்கும் பிள்ளைகளிடமும் இதே பேச்சைப் பேசுவார்கள்.

தம்பி ஏ.எல். முடித்ததும் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் செய்யலாம் என்று ஒன்றரை வருடமாக இரண்டு பேரும் காசு சேர்த்தோம். அதில் பாதி, அவன் பின்னேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தது. முதலில் இன்டெல் ஐ5-12600கே புரொசெசரை வாங்கினோம். கடைசியில் உள்ள "கே" எழுத்துக்குத்தான் கூடுதல் விலை. அது இருந்தால் மல்டிபிளையர் (புரொசெசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்) திறந்திருக்கும், வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். இதைத்தான் ஓவர்கிளாக், சுருக்கமாக ஓ.சி. என்பார்கள். ஆனால் மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இன்டெல் அந்த வசதியை, இசட்690 போன்ற "இசட்" வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள போர்டுகளுக்குத்தான் வைத்திருக்கிறது. எங்களிடம் இருந்த ராம் (நினைவகம்) டிடிஆர்4 வகை. இசட்690 போர்டுகளில் டிடிஆர்4 போடும் போர்டு வேறு, டிடிஆர்5 போடும் போர்டு வேறு. ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது. அதனால் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி வாட்ஸ்அப்பில் கேட்டேன். "இசட்690 டிடிஆர்4 இருக்கு தம்பி, 82,000, வாங்க" என்று பதில் வந்தது.

கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், "அது காலையிலதான் முடிஞ்சுது" என்றார் கடைக்காரர். மேசையில் ஒரு பி660 போர்டை வைத்தார், அது இசட் வரிசை இல்லை. அதே கம்பனி, அதே தொடர், பெட்டியும் அதே நிறம். "ஓவர்கிளாக் ஆகுமா அண்ணே?" என்று கேட்டேன். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். "டிடிஆர்4 5066 (ஓ.சி.)" என்று அச்சடித்திருந்தது. "கம்பனியே ஓ.சி. என்று போட்டிருக்கான், பாருங்க."

அந்த ஓ.சி. ராமுக்கு உரியது. பி660இல் ராமின் வேகத்தைக் கூட்டலாம், புரொசெசரின் மல்டிபிளையரைக் கூட்ட முடியாது. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் அச்சில் பார்த்ததும் தடுமாறிவிட்டேன். புரொசெசருக்கு மின்சாரம் கொடுக்கும் வி.ஆர்.எம். பகுதியில் ஒரு பக்கம்தான் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருந்தது. அதையும் கேட்டேன். "நீங்க ஹட்டன் தானே? அந்தக் குளிருக்கு இதே கூட" என்றார்.

கடைசியில் அதையே வாங்கி, வீட்டுக்கு வந்து பூட்டினோம். பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) மல்டிபிளையரை 51க்கு, அதாவது 5.1 கிகாஹெர்ட்ஸுக்கு, மாற்றிச் சேமித்தாலும் வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை. அது கம்பனி கொடுத்த வேகம்தான். அதைக்கூடத் தொடர்ந்து பிடித்து வைக்க முடியவில்லை. இந்த புரொசெசர் முழு மூச்சில் 150 வாட் வரை இழுக்கும். பாரமான வேலை கொடுத்து அரை மணி நேரம் ஆனதும், வி.ஆர்.எம். சூட்டால் வேகத்தைக் குறைக்கிறேன் என்று சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருள் காட்டியது. வெளியே மூடுபனி, அறைக்குள் நாங்கள் ஸ்வெட்டரோடு இருந்தோம். அந்தச் சின்னப் பாகங்கள் நூறு பாகைக்குக் கிட்டப் போகும்போது, அறையில் பத்துப் பாகை குறைந்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் போர்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். புரொசெசர் உட்காரும் சாக்கெட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பின் வளைஞ்சிருக்கு, இது உங்க கைவேலை" என்றார். இந்த இன்டெல் போர்டுகளில் 1700 பின்களும் போர்டிலேயே இருக்கின்றன. வாங்கும்போது மூடியைத் திறந்து பார்த்து ஒரு படம் எடுத்திருந்தால் வாயடைத்திருப்பேன். எடுக்கவில்லை. பில்லைப் பார்த்தால் "கேமிங் மதர்போர்டு - 1" என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. மூன்று வருட வாரன்டி என்று வாயால் சொன்னதும் பில்லில் இல்லை.

தயவுசெய்து, காசைக் கையில் கொடுக்குமுன் சாக்கெட்டைப் படம் எடுங்கள். பெட்டியை விடுங்கள், போர்டின் மேலேயே அச்சடித்த மாடலைப் படியுங்கள். அந்த மாடலையும் சீரியலையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டோம் என்றால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஏ.எம்.டி. வாங்குகிறவர்களும் கவனம்: ரைசன் 5000 வரிசைப் புரொசெசருக்கு பி550 போர்டில் ஓவர்கிளாக் செய்யலாம், ஏ520 போர்டில் முடியாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பேசிவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். பில்லில் மாடல் இல்லாவிட்டாலும் தொகை இருக்கிறது: 82,000. இசட்690க்கு வாட்ஸ்அப்பில் சொன்ன அதே விலையை, அதைவிடக் குறைந்த பி660க்கும் வாங்கியிருக்கிறார்கள். பில்லையும் அந்த மெசேஜையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.