அப்பாவின் டைனமோ: 30 வருடத்துக்கு மேலான பாவனை

போன கிழமை டைனமோவைக் கழற்றிக் கறள் சுரண்டி, தையல் மெசினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுத் திரும்பப் பூட்டினேன். அப்பாவின் ரலி சைக்கிளில் இருந்த டைனமோ இது, இப்போது என் லுமாலா சைக்கிளின் பின்சில்லில் இருக்கிறது. நான் நாளாந்தம் பாவிக்கும் சாமான்களில், போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் போன கரண்ட், பிறகு வருடக்கணக்காக வரவில்லை. பற்றறி பொருளாதாரத் தடையில் அகப்பட்ட சாமான். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து ரேடியோவை இன்னும் அரை மணித்தியாலம் இழுக்கப் பார்ப்போம். அதுவும் சரிவராமல் போனபோதுதான் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக டைனமோவுக்கு மாறினார்கள். இரவு 9.15க்கு ரேடியோவில் பிபிசி தமிழோசைச் செய்தி. அதற்கு முன்னமே சைக்கிளை விறாந்தையில் ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவை ரயரில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றத் தொடங்க வேண்டும், அது பத்து வயதில் என் வேலை. "தம்பி, ஒரே சீராச் சுத்து, செய்தி முடியுமட்டும் விட்டிடாதை" என்பார் அப்பா. அயலில் ஏழெட்டுப் பேர் படியில் இருந்து கேட்பார்கள். என் கை சோர்ந்தால் ரேடியோவின் குரலும் தேயும், உடனே யாராவது எழும்பி வந்து பெடலை வாங்குவார்கள்.

டைனமோவின் கணக்கு 6 வோல்ட், 3 வாட். உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது, பக்கத்தில் செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். வருவது ஆடலோட்டம் (ஏ.சி.), ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் (டி.சி.), ஆகவே பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் (கப்பாசிட்டர்) நடுவில். ஆனால் அப்பா கவனமாக இருந்தது வேறொன்றில்: முன் லைற்றின் பல்பைக் கழற்றவே விடமாட்டார். பாரம் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் டைனமோவின் வோல்ட் கண்டபடி ஏறி ரேடியோவை எரித்துவிடும், பல்பு இருந்தால் அது இழுத்துக்கொள்ளும். ரேடியோவும் தப்பியது, வெளிச்சமும் வந்தது, அந்த நேரத்துக்கு ஜாம் போத்தல் விளக்கை அணைத்து மண்ணெண்ணெயும் மிச்சம் பிடித்தோம். ஏ.எல். (உயர்தரம்) பௌதிகவியலில் இதையே படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை, கை முதலே படித்திருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது வீட்டில் விட்டுப்போனவை எதுவும் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சைக்கிளோடு பூட்டியிருந்ததால் டைனமோ வந்தது.

இனி 2022, பொருளாதார நெருக்கடிக் காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், பெற்றோலும் இல்லை. நான் பவர் பாங்க் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 10,000 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தது. அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலத்தின் கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது, இழப்பும் போக, 6,000 சொச்சம்தான் தேறும், என் போனை இரண்டு தரம் முழுதாக நிரப்பவே அது காணாது. இதை வாங்க முதல் யாராவது சொல்லியிருந்தால் பெரியதாகவே வாங்கியிருப்பேன். இரண்டு வருடத்தில் அதன் வயிறும் ஊதிவிட்டது, அப்படி ஊதினால் தயவுசெய்து ஒருநாளும் திரும்பச் சார்ஜ் போடாதீர்கள்.

அந்த நாட்களில் டைனமோவால் போனுக்குச் சார்ஜ் ஏற்றியும் பார்த்தேன். 5 வோல்ட்டில் நிறுத்தும் சின்னச் சுற்று ஒன்றைப் பூட்டிக்கொண்டு, சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாண டவுன் வரைக்கும், முக்கால் மணித்தியாலம். ஏறியது ஏழெட்டு வீதம். ஒவ்வொரு சந்தியிலும் நிற்க நிற்கச் சார்ஜ் அறும், திரும்ப மிதிக்கத் திரை எரிந்து அதிலும் கொஞ்சம் போகும். சின்ன ரேடியோ குடிப்பது கால் வாட்கூட வராது, போன் கேட்பது அதைப்போலப் பத்து மடங்கு. ஒரு பிள்ளையின் கை ஒரு ரேடியோவைத் தாங்கும், போனைத் தாங்காது.

போனைக் குறை சொல்ல வரவில்லை. அண்ணா கனடாவில், அம்மா அவர் முகத்தைப் பார்ப்பது அதில்தான். ஆனால் அந்த இருட்டில் எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சாதாரண நாளில் ரேடியோவில் மத்திய அலையைத் திருப்பினால் ஊரில் உள்ள எல்.ஈ.டி. பல்பு, சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். கரண்ட் வெட்டிய இரவுகளில் அந்த இரைச்சல் முழுதாக அடங்கியது, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு நிலையங்கள் பக்கத்து அறையில் பேசுவதுபோல வந்தன. தமிழோசையின் வானொலி ஒலிபரப்புத்தான் 2017 ஏப்ரல் 30 உடன் நின்றுவிட்டது. அம்மா விறாந்தைக்குக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்து கேட்டா. அப்பா போய் மூன்று வருடம் அப்போது.

சரி, குறைகள். மழையில் டைனமோவின் தலை ரயரில் வழுக்கும். ரயரின் பக்கத்தைத் தேய்க்கும், இப்போது வரும் ரயர்களின் பக்கம் மெல்லிசு, எனக்கு ஒரு ரயர் அதனாலேயே பிய்ந்தது. எதிர்காற்றில் பண்ணைப் பாலத்தால் போகும்போது இழுவை காலில் தெரியும். சைக்கிள் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும், சந்தியில் நிற்பவரைப் பின்னால் வரும் வாகனக்காரர் காணமாட்டார், அதனால் பின்னுக்குப் பற்றறி லைற் ஒன்று தனியாகப் பூட்டியிருக்கிறேன், நீங்களும் பூட்டுங்கள்.

பழைய டைனமோ வாங்குபவர்கள் அதன் தலையை விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தடக்குத் தடக்கென்று பிடித்துப் பிடித்து விட வேண்டும், அது காந்தத்தின் பிடி. தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் காந்தம் சோர்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள். அப்பாவினது இன்னும் விரலைப் பிடிக்கிறது.