வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடி அறை: கூரைதான் முதற் கேள்வி

லண்டனில் உறவினர் வீடுகளின் பின்புறத்தில் உள்ள கன்சர்வேட்டரியில் அமர்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தவர்களுக்கு, கொழும்பிலும் அப்படியொரு கண்ணாடி அறை வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேச்சுத் தொடங்கியது. அம்மாவின் அந்தூரியச் சாடிகளுக்கும் மாலை நேர வாசிப்புக்குமாகப் பின்முற்றத்தில் அமைத்த அந்த அறை ஒரு மழைக்காலத்தைக் கண்டுவிட்டது. ஆகவே, அதை அமைத்துத் தந்த நிறுவனத்தின் வேலையைப் பற்றி இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

லண்டனில் டிசம்பர் மாத நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்துக்கே ஏறும். அந்தச் சாய்ந்த வெயிலைப் பிடித்து வைப்பதே அங்குள்ள அறையின் வேலை. கொழும்பிலோ ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஆண்டின் மற்ற நாள்களிலும் வெயிலைப் பெரிதும் வாங்குவது கூரையே. எனவே, கூரையைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைக் கொண்டே ஒப்பந்தக்காரரை எடைபோடலாம். எங்களிடம் வந்தவர்களுள் ஒருவர் முழுக் கண்ணாடிக் கூரைக்கு விலை கூறிவிட்டு, வெக்கையாக இருந்தால் ஏசி பூட்டலாம் என்றார். நாங்கள் தெரிவு செய்த நிறுவனமோ வெப்பத்தடுப்புத் தகட்டுக் கூரையையும், சுவரோரமாக ஓர் ஒடுங்கிய கண்ணாடிப் பட்டையையும் பரிந்துரைத்தது. விலை சற்று அதிகம்தான். ஆனால் நண்பகலிலும் அங்கே உட்கார முடிகிறது, அந்தூரிய இலைகளும் கருகவில்லை.

அந்தப் பட்டைக்கு லமினேட்டட் கண்ணாடியே வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதை இன்றும் பாராட்டுகிறேன். சூடாக்கிக் கடினமாக்கிய டெம்பர்ட் கண்ணாடி உடைந்தால் சிறு துண்டுகளாகத் தலைமேல் கொட்டும். லமினேட்டட் கண்ணாடியின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலம் உடைந்த துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். அயல்வீட்டுத் தென்னையிலிருந்து குரும்பை விழும் ஊரில் இது சிறிய விடயமன்று. கண்ணாடிக்குப் பதிலாக மலிவாகக் கிடைக்கும் பொலிகார்பனேட் பிளாஸ்டிக் தகட்டில் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே புறஊதாக் காப்புப் பூச்சு இருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்க்காவிட்டால் தகடு விரைவில் மஞ்சளாகிவிடும். மழை பெய்யும்போது அதன் கீழ் பேசுவதும் கடினம்.

காற்றோட்டத்தையும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். கடற்பக்கமுள்ள மேற்குச் சுவரில் தாழ்வாக லூவர் யன்னல்களும், எதிர்ச்சுவரின் உச்சியில் சூடான காற்று வெளியேற வழியும் இருக்கின்றன. இரண்டுக்கும் நுளம்பு வலை அடித்திருக்கிறது. பிற்பகல் நான்கு மணிக்கு மேற்குக் கண்ணாடியில் கையை வைக்க முடியாது என்பது உண்மை. அதற்கு வெளிப்புறமாக மூங்கில் தட்டி தொங்கவிட்டிருக்கிறோம். தட்டியை உள்ளே தொங்கவிட்டால் வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருக்கும்.

குறை திருகாணிகளில்தான். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டங்கள் பழுதின்றி இருக்க, கைப்பிடிகளையும் பிணைச்சல்களையும் பூட்டிய சாதாரண இரும்புத் திருகாணிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, வெள்ளைச் சட்டத்தில் பழுப்புக் கோடுகளாக வழிந்தன. கடலோரத்துக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் அறியாததன்று. பலமுறை தொலைபேசியில் அழைத்த பின்னரே ஆள் அனுப்பி மாற்றித் தந்தார்கள். கறையைத் துடைக்கும் வேலை எங்களுக்கே மிஞ்சியது.

கூரையின் மழைநீரை ஏந்தும் பீலி விடயத்தில் அந்த அலட்சியம் இல்லை. வேலை முடிந்த அன்று, வேலையாள்களின் தலைவரான பாஸ், தண்ணீர்க் குழாயைக் கூரைமேல் பிடித்து ஒவ்வொரு பொருத்திலும் தண்ணீர் பாய்ச்சினார். பீலியின் ஒரு மூலையில் நீர் தேங்குவதைக் கண்டதும் தாங்கியைக் கழற்றி வாட்டத்தைத் திருத்தினார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படியேறி வந்து டெங்கு நுளம்புக் குடம்பிகளைத் தேடும் கொழும்பில், தேங்கிய பீலி வழக்கு வரை போகக்கூடும்.

மாநகர சபை அனுமதியைப் பற்றிக் கேட்டபோது, இது தற்காலிகக் கட்டுமானம்தானே என்று விற்பனையாளர் சிரித்து மழுப்பினார். நாங்கள் வரைபடத்தைச் சமர்ப்பித்த பின்னரே வேலையைத் தொடங்கவிட்டோம். அந்தப் படத்தை அவர்களே வரைந்து தந்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. இவர்களிடம் வேலை கொடுக்க நினைப்பவர்கள் விலைக்கோரலில் திருகாணியின் தரத்தையும் கண்ணாடியின் வகையையும் எழுத்தில் பெற்ற பிறகே முற்பணம் கட்டுவது நல்லது.