ஓய்வுக்குப் பின் மின் பணி: ஒப்பந்த உரிமமா, பட்டயப் பொறியாளர் அங்கீகாரமா, சுயேச்சைப் பரிசோதனையா?

மின்வாரியத்திலோ, சர்க்கரை ஆலை, அரிசி ஆலை போன்றவற்றின் மின் பிரிவிலோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி 60 வயதில் ஓய்வு பெறுபவர் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த ஊரில் குடியிருந்தாலும், சில வாரங்களிலேயே அவரைத் தேடி ஆட்கள் வரத் தொடங்குவார்கள். "குழாயைத் தொட்டாலே ஷாக் அடிக்குது சார், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று அக்கம்பக்கத்தார் கேட்பதும், இவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவதும் நம் ஊர் வழக்கம்தான். இந்த அனுபவத்தை ஒழுங்கான துணைத்தொழிலாக மாற்ற விரும்புவோருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன: மின் ஒப்பந்ததாரர் உரிமம் பெறுவது, பட்டய மின் பாதுகாப்புப் பொறியாளராக (Chartered Electrical Safety Engineer; டிப்ளமோ பட்டயம் அல்ல) அரசின் அங்கீகாரம் பெறுவது, எந்த வேலையையும் எடுத்துச் செய்யாமல் கட்டணத்துக்குப் பரிசோதனை மட்டும் செய்து எழுத்தில் அறிக்கை தருவது. டெல்டாவின் இன்றைய தேவையையும் ஓய்வு பெற்றவரின் உடல்நிலையையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்றாவது வழியே பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வருமானம் மிகக் குறைவாகத் தொடங்குவதும் அந்த வழியில்தான்.

முதலில் ஒப்பந்த உரிமம். மின் நிறுவல் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. தமிழ்நாட்டில் இந்த உரிமத்தையும், மேற்பார்வையாளர், மின்கம்பியாளர் ஆகியோருக்கான தகுதிச் சான்றிதழ்களையும் மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. இதன் பெரிய பலம், வேலை தானாக வருவதுதான். புதிய மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பவருக்கு ஒப்பந்ததாரரின் டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். வீடு கட்டுபவருக்கு வயரிங் வேண்டும். கடை திறப்பவருக்குப் போர்டு வேண்டும். ஆனால் உரிமத்தைத் தக்கவைக்க ஆட்களும் கருவிகளும் அலுவலகமும் இருக்க வேண்டும். உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொத்தனாரின் தாமதத்துக்கும், சாமான் விலையேற்றத்துக்கும், தராத பாக்கிக்கும் பின்னால் அலைவது இந்தத் தொழிலின் அன்றாடம். அறுபதைக் கடந்தவர் ஏணியில் ஏறவேண்டியதில்லை என்றாலும், ஏணியில் ஏறுபவரின் உயிருக்குப் பொறுப்பு அவர்தான். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: வயரிங்கை நேரில் பார்க்காமலே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டு வருபவர்களின் நெருக்கடி. வாழ்நாள் முழுவதும் ஒழுங்காக வேலை பார்த்தவரின் பெயர் அப்படிப்பட்ட ஒரே ஒரு கையெழுத்தில் போய்விடக்கூடும்.

இரண்டாவது வழி மதிப்பு மிக்கது, ஆனால் வாசல் குறுகியது. அரசு அறிவிக்கை செய்துள்ள மின்னழுத்த வரம்புக்கு உட்பட்ட நிறுவல்களை உரிமையாளரே சோதித்துச் சுயசான்று அளிக்கலாம் என்று பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. அந்தச் சோதனையில் உரிமையாளருக்குத் துணைநிற்க அரசு அங்கீகரிப்பவரே பட்டய மின் பாதுகாப்புப் பொறியாளர். 2010ஆம் ஆண்டு விதிகளில் பின்னர் திருத்தமாகச் சேர்க்கப்பட்ட இந்த ஏற்பாடு 2023ஆம் ஆண்டின் புதிய விதிகளிலும் தொடர்கிறது. தேவையான கல்வித் தகுதியும் அனுபவமும் உடையவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும் என்பதால், வயர்மேனாகவோ லைன் இன்ஸ்பெக்டராகவோ ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் இதற்கு வெளியே நிற்பார்கள். தகுதி உள்ள பொறியாளருக்கும் ஊர் ஒரு கேள்வியாகிறது. திருச்சியிலோ ஓசூரிலோ இருப்பவரைச் சுற்றித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மன்னார்குடியிலோ சீர்காழியிலோ இருப்பவருக்கு நவீன அரிசி ஆலைகள், மருத்துவமனைகள், கல்லூரிகள், கடற்கரைப் பக்கம் ஐஸ் கம்பெனிகள், இறால் பண்ணைகள் ஆகியவற்றைத் தாண்டினால் வாடிக்கையாளர் வட்டம் சுருங்கிவிடும். வேலை குறைவு, ஒவ்வொரு வேலைக்கும் கட்டணம் கணிசம் என்பதே இதன் இயல்பு. மாதத்தில் சில நாட்கள் மட்டும் பயணம் செய்து உழைக்க விரும்பும் பொறியாளருக்கு இது நன்றாகவே பொருந்தும்.

மூன்றாவது வழியில் ஒரு சட்ட எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மின் ஆய்வாளர் என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 162ஆவது பிரிவின்கீழ் அரசு நியமிக்கும் பதவி. ஆகவே தனியாக இத்தொழிலில் இறங்குபவர் 'மின் ஆய்வாளர்' என்று பலகை மாட்டக் கூடாது. 'வீட்டு மின் பாதுகாப்புப் பரிசோதனை' என்பதுபோல் செய்யும் வேலையை மட்டும் போட்டுக்கொள்வதே முறை. அவருடைய அறிக்கை அரசு அலுவலகத்திலோ மின்வாரியத்திலோ சான்றாகச் செல்லாது என்பதையும் வாடிக்கையாளரிடம் முதல் பேச்சிலேயே தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி வாடகை வீடுகளின் மின் நிறுவலை ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பதால், அங்கே இது நிலையான தொழில். இங்கே சாதாரண வீட்டு உரிமையாளர் யாரும் தனியார் பரிசோதகரிடம் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம்பிக்கை ஒன்றை வைத்துத்தான் வாடிக்கையாளரைச் சேர்க்க வேண்டும்.

சட்ட மதிப்பு இல்லாத அறிக்கைக்கு ஏன் ஒருவர் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, கும்பகோணம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு ஒன்றின் மெயின் போர்டைத் திறந்தாலே பதில் கிடைக்கும். மரப்பட்டிக்குள் ஓடும் பழைய கம்பிகளுடன், ஏ.சி.க்காகப் பிற்பாடு இழுத்த பிளாஸ்டிக் பைப் வயரிங் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயின்ட்டில் மேல் ஓட்டைக்கு எர்த் கம்பியே வந்திருக்காது. சில இடங்களில் அதை நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) சேர்த்து முறுக்கியும் வைத்திருப்பார்கள். நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால் வாஷிங் மிஷினின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. இதைவிட அடிக்கடி காணக்கூடியது, புது வீடுகளில் செயலற்றுக் கிடக்கும் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் கருவி. இன்வெர்ட்டர் மாட்டும்போது அதன் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இல்லாததால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும், தொந்தரவு தாங்காமல் எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி ஒரு கம்பியை நேராகப் போட்டுவிடுவார். பெட்டியில் கருவி அழகாக அமர்ந்திருக்கும், வீட்டில் பாதுகாப்பு இருக்காது. வயரிங் செய்தவரே இதைச் சொல்லமாட்டார். வேலை எதையும் விற்காத ஒருவர் வந்து பார்த்தால்தான் இது வெளியே வரும்.

ஆகவே சோதிப்பவர் பழுது பார்க்கக் கூடாது என்பதே இந்த வழியின் உயிர். அமெரிக்காவின் வீட்டுப் பரிசோதகர் சங்கங்கள் இதை உறுப்பினர்களின் நன்னெறியாகவே வைத்திருக்கின்றன. நம் ஊரில், "நீங்களே ஆள் வைத்து முடிச்சுக் குடுத்துடுங்க சார்" என்று வாடிக்கையாளரே வற்புறுத்துவார். ஒரு முறை ஒப்புக்கொண்டாலும், அடுத்த வீட்டில் இவர் சொல்லும் குறை உண்மையான குறையா, வேலை பிடிக்கச் சொன்ன குறையா என்ற ஐயம் எழும். குறிப்பிட்ட எலக்ட்ரீஷியனைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்குவதும் அதே வகைதான். ஒப்பந்த உரிமம் வைத்திருப்பவர் பக்கத்தில் பரிசோதனையும் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கும் இதையே பதிலாகச் சொல்வேன்: இரண்டையும் ஒரே ஊரில் ஒரே பெயரில் நடத்த முடியாது.

இதற்கான கருவிகள் குறைவு, ஆனால் ஒழுங்கானவையாக இருக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கர் (கம்பி உறையின் காப்புத்தடையை அளப்பது), எர்த் டெஸ்டர், டாங் டெஸ்டர் (கம்பியை வெட்டாமலே மின்னோட்டத்தை அளப்பது), ஆர்.சி.சி.பி. சோதிக்கும் கருவி ஆகிய நான்கும் அடிப்படை. மெயினை நிறுத்திவிட்டு, மின்னணுச் சாதனங்களைக் கழற்றிவிட்டு மெக்கர் போட்டால் காப்புத்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதில் பாதியளவு கசிவுக்கு விழக் கூடாது. முழு அளவு கசிவுக்கு 300 மில்லி வினாடிக்குள் விழ வேண்டும். அதன் முகப்பில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது கருவியின் இயக்கத்தை மட்டுமே காட்டும், வீட்டு எர்த்தின் நிலையைக் காட்டாது. இந்த எண்களை அறிக்கையில் அறைவாரியாக எழுத வேண்டும். வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரநிலைகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால் அறிக்கைக்கு எடை கூடும்.

எர்த் சோதனையில் டெல்டா மண்ணுக்கென்று ஒரு குணம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் களிமண் ஈரம் பிடித்துக்கொள்வதால் எர்த்தின் தடை குறைவாகவே காட்டும்; பித்தளைச் சொம்பு போல மினுங்கும் அந்த எண்ணை நம்பக் கூடாது. அறுவடை முடிந்து, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் சித்திரை, வைகாசியில் அளந்தால்தான் உண்மை நிலை தெரியும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முந்தைய வாரங்களை எர்த் சோதனைக்கு ஒதுக்குவது நல்லது. நாகை, வேதாரண்யம் பக்கம் கதை வேறு. அங்கே மண்ணின் உப்பினால் தடை குறைவாக இருக்கும், ஆனால் அதே உப்பு எர்த்துக்காகப் புதைத்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் பட்டையையும் அரித்துத் தின்றுவிடும். அங்கே அளவுமானியை விடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். எர்த் குழியைத் திறந்து இணைப்பைப் பார்க்காமல் வரக் கூடாது.

வீடுகளுக்கு அடுத்தபடியாகக் கல்யாண மண்டபங்களும் கோயில் விழாக்களும் சுயேச்சைப் பரிசோதகரை மிகவும் வேண்டி நிற்கின்றன. முகூர்த்த நாளில் சமையல்கட்டின் ஈரத்தரையில் கிரைண்டர் ஓடும். வாசலில் சீரியல் செட் தொங்கும். பின்னால் ஜெனரேட்டர் மாற்றும் ஸ்விட்ச் இருக்கும். மூன்றையும் மண்டபப் பருவத்துக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து சோதிக்கலாம். தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்துவதும் கம்பியை உயர்த்துவதும் வாரியத்தின் வேலை. ஆனால் சப்பரத்தின் உச்சி உயரத்தை அலங்காரத்தோடு அளந்து, வீதிவீதியாக நடந்து, தொங்கும் கம்பிகளையும் உயர்த்தப்பட்ட சாலை மட்டத்தையும் குறித்து, விழாக் குழுவின் கையில் ஒரு கடிதமாகக் கொடுக்க ஓய்வு பெற்ற லைன் இன்ஸ்பெக்டரைவிடத் தகுதியானவர் யார்? இதற்குக் கட்டணம் வாங்காமல் செய்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

வருமானத்தை ஒளிவில்லாமல் பார்த்தால், ஒப்பந்ததாரரின் ஆண்டு வரவை மூன்றாவது வழி எட்டிப்பிடிக்காது. ஓய்வூதியத்தின் மேல் ஒரு துணைவரவு என்ற கணக்கில்தான் இறங்க வேண்டும். கட்டணத்தைச் சதுர அடிக்கு வைப்பதைவிடச் மின்சுற்றுகளின் எண்ணிக்கைக்கு வைப்பது நியாயம், ஏனெனில் உழைப்பு அங்கேதான். சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியதில்லை, இந்தத் தொழிலில் அந்த வரம்பை நெருங்குவதே அரிது. பொறுப்பு மட்டும் சிறிதல்ல. கட்டணம் வாங்கிச் செய்யும் எந்தச் சேவையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். எதைப் பார்த்தோம், சுவருக்குள் இருப்பதால் எதைப் பார்க்க முடியவில்லை என்று இரண்டையும் எழுதி, வீட்டுக்காரரின் கையொப்பம் பெற்று, ஒரு படியை வைத்துக்கொள்வது கட்டாயம்.

கூரைச் சூரிய மின் நிறுவனங்களுக்கு ஆலோசகராகச் சேர்வதும் இப்போது பலர் நாடும் வழி. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருவதால் ஊருக்கு ஊர் விற்பனையாளர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அங்கே ஊக்கத்தொகை விற்பனையைப் பொறுத்தது என்பதால், அதை மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை. கூரைச் சூரிய மின் அமைப்புகளை நிறுவிய பின் அவற்றைச் சோதித்துத் தருவது சுயேச்சைப் பரிசோதகருக்கு நல்ல வேலை.

பொறியியல் தகுதியும் பயணத்துக்கு உடம்பும் உள்ளவர் பட்டயப் பொறியாளர் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆள்கட்டும் முதலீடும் இருந்து, நாள்தோறும் தளத்துக்குப் போக விருப்பமும் உள்ளவர் ஒப்பந்த உரிமம் எடுக்கலாம். மற்றவர்களுக்குப் பரிசோதனையே நல்லது என்பதில் ஒரு விலக்கு உண்டு: மகனோ மருமகனோ அதே ஊரில் வயரிங் ஒப்பந்தம் எடுப்பவராக இருந்தால், எவ்வளவு நேர்மையாகச் சோதித்தாலும் அறிக்கையை ஊர் நம்பாது. அப்படிப்பட்டவர் உள்ளூரை விட்டுவிட்டு, குடும்பத்தார் வேலை எடுக்காத பக்கத்துத் தாலுகாவில் மட்டும் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அது முடியாதென்றால் மேற்பார்வையாளர் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு மகனின் ஒப்பந்தத்திலேயே சேர்ந்துவிடலாம்.