பிராட்காம் வைஃபை: பி43-ஆ, டபிள்யூஎல்-ஆ?

பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டாச்சு. திரை, ஒலி, டச்பேட் எல்லாம் தானாகவே வேலை செய்கின்றன. வைஃபை மட்டும் காணோம். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) அடித்துப் பாருங்கள், உள்ளே என்ன சிப் என்று காட்டும். பிராட்காம் சிப் என்றால் பெரும்பாலும் போட்டி பி43, டபிள்யூஎல் என்ற இரண்டு டிரைவர்களுக்கும்தான்.

பி43, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் திறமூல டிரைவர். ஆனால் சிப்பில் ஏற்றும் ஃபர்ம்வேர் (சிப்பையே இயக்கும் சிறு மென்பொருள்) தனி. வைஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும்! போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போட்டால் தீர்ந்தது. பிறகு கெர்னல் மாறினாலும் வைஃபை நிற்காது. வேகம் மட்டும் 802.11ஜி அளவுதான், ஏட்டளவில் 54 எம்பிபிஎஸ்.

டபிள்யூஎல் பிராட்காமே கொடுத்த மூடிய டிரைவர். வேகம் கூடுதல், பிசிஎம்4360 சிப்புக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. தலைவலி வேறு இடத்தில். நிறுவனம் இதைக் கடைசியாகப் புதுப்பித்தது 2015-இல். அதன்பின் உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்காரர்கள் ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி இதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அது சொதப்பினால் அப்டேட் முடிந்ததும் வைஃபை போச்சு. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் வசதி) இருந்தால் நிறுவும்போதே ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்து அதையே அடிக்க வேண்டும். அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

பிசிஎம்4312 போன்ற பழைய சிப்புக்கு என் ஓட்டு பி43-க்கே. முன்பே டபிள்யூஎல் போட்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். அது பி43-ஐ ஏறவிடாமல் பிளாக்லிஸ்ட் செய்து வைத்திருக்கும்.