கஸ்ப்9: ஒன்பது பழைய மருந்துகளின் கூட்டு தேறுமா?

திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு (வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய்), வேறு நோய்களுக்கென வந்த ஒன்பது மருந்துகளை டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்தோடு சேர்த்துத் தரும் திட்டம்தான் கஸ்ப்9. யோசனை அருமை, ஆதாரம்தான் மெலிவு. 2021இல் வெளியான முதற்கட்டச் சோதனையில் 10 பேர்தான், ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது.

மருந்துகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும். மொத்தமாகத் தொடங்கினால் வாந்தி எதனால் என்றே பிடிபடாது.

பெரிய தலைவலி, கூட்டிலுள்ள எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிர். அதுவும் கூட்டிலுள்ள பூஞ்சை மருந்து இட்ராகோனசோலும், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியை முடக்குவதால், மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் அளவு ரத்தத்தில் எகிறும். போதாக்குறைக்கு, ரிட்டோனாவிர் திரவ மருந்தில் சுமார் 43 சதவீதம் ஆல்கஹால்! கூட்டிலுள்ள டைசல்ஃபிரமோடு (குடியை நிறுத்தத் தரும் மருந்து) ஆல்கஹால் சேரவே கூடாது, மாத்திரையாகவே கேளுங்கள். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பும் அப்படித்தான்.

இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்கணும். அசிடிட்டி மாத்திரை அதன் உறிஞ்சலைக் கெடுக்கும். இரும்புச்சத்து மாத்திரை, கூட்டிலுள்ள ஆன்டிபயாடிக் மினோசைக்ளினின் உறிஞ்சலைக் கெடுக்கும். புற்றுநோய் மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் தொடவே வேண்டாம்.