பதின்மூன்றாவது வாரத்தில் மாறிய வட்டு

எங்களிடம் மூன்று ஆண்டுகளாக இருக்கும் 4 டெராபைட் வெளிப்புற வன்வட்டின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்ட அதே வாரத்தில்தான் அந்த வட்டின் யூஎஸ்பி வாய் ஆட்டம் கண்டு, பழுதுபார்ப்பவரிடம் போய்த் திரும்பியிருந்தது. ஆகவே இந்தப் பதிவில் கோபம் சற்றுத் தூக்கலாக இருக்கலாம்.

வட்டுக்கு நாங்கள் கொடுத்திருப்பது ஒரே வேலை. ஒருபுறம் அன்றாடம் இயங்கும் பிராக்ஸ்மாக்ஸ் சர்வர்; ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் எந்திரங்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டும் மென்பொருள் பிராக்ஸ்மாக்ஸ். மறுபுறம் எந்த வலையமைப்போடும் தொடர்பில்லாமல் தனித்து நிற்கும் இன்னொன்று. முதலாவதில் எடுத்த மெய்நிகர் எந்திரங்களின் முழுக் காப்பு நகல்களை, வாரத்துக்குச் சுமார் 300 கிகாபைட் வீதம், இந்த வட்டில் ஏற்றிக் கொண்டுபோய் இரண்டாவதில் இறக்கி, மீட்டெடுத்துப் பார்ப்போம்.

முதல் 12 வாரங்களில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. விநாடிக்கு நூறு மெகாபைட்டுக்குக் குறையாத வேகம். ஐம்பது நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பதின்மூன்றாவது வாரத்தில் வட்டில் இடம் தீர்ந்து, பழைய நகல்களை அழித்துவிட்டுப் புதியவற்றை எழுதத் தொடங்கினோம். அன்று கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிய வேகம் இருபது மெகாபைட்டுக்கு இறங்கியது. பிறகு ஏறவே இல்லை. ஐம்பது நிமிட வேலை மூன்று மணி நேரத்துக்கு மேல் தின்றது.

காரணம் எஸ்எம்ஆர் என்ற பதிவு முறை. கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் ஏறிக் கிடக்கும். நடுவில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமானால் அந்த வரிசையையே பிரித்து மீண்டும் வேய வேண்டும். அந்தச் சிரமத்தை மறைக்க, வருவதை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு சிறு பகுதியை வட்டு தனக்குள் வைத்திருக்கிறது. அது நிரம்பும்வரைதான் அந்த வேகமெல்லாம். நாம் கோப்பை அழித்துவிட்டோம் என்பது கோப்பு முறைமைக்குத் தெரியும், வட்டுக்குத் தெரியாது. தெரிவிப்பதற்கென்று டிரிம் கட்டளை இருக்கிறது, சில எஸ்எம்ஆர் வட்டுகள் அதை ஏற்கவும் செய்கின்றன. எங்கள் வட்டை யூஎஸ்பியோடு இணைக்கும் பாலச் சில்லோ அதை உள்ளே விடுவதில்லை. எனவே வட்டு எவருக்கும் வேண்டாத பழைய பைட்டுகளைப் பத்திரமாகப் பிரித்து, பத்திரமாக மீண்டும் வேய்கிறது. எந்த வட்டு எஸ்எம்ஆர் என்ற பட்டியலைப் பெரிய தயாரிப்பாளர்கள் வெளியிட்டதே 2020-இல், வாங்கியவர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகுதான். நாங்கள் வாங்கிய பெட்டியின் மேல் அப்படியொரு சொல்லைத் தேடியும் காணவில்லை.

வேகக் குறைவைவிட என்னைச் சோதித்தது அது பொய் சொன்ன விதம். நகலெடுக்கும் கட்டளை முடிந்துவிட்டதாகத் திரை சொல்லும். வட்டைக் கழற்ற அன்மவுன்ட் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடும். நினைவகத்தில் எழுதப்படாமல் காத்திருக்கும் தரவின் அளவு 11 கிகாபைட் என்று காட்டும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் 9. இதில் வட்டின் குற்றம் பாதிதான், மீதி, தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டதுமே முடிந்துவிட்டது என்று சொல்லிவிடும் லினக்ஸின் தாராளம் என்பது தெரியும்; ஆனாலும் சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்த நீல விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அந்த நியாயமெல்லாம் மனத்தில் நிற்பதில்லை.

காப்பு நகல்களுக்கென்றே உள்ள பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருளின் 3.3 பதிப்பில், 2024-இல், கழற்றி மாட்டும் வட்டையே சேமிப்பகமாக வைத்துக்கொள்ளும் வசதி வந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். அது தரவைத் துண்டு துண்டாகப் பிரிப்பதால் மாறிய துண்டுகள் மட்டும் போகும், 300 கிகாபைட் 20 ஆகிவிடும் என்பது கணக்கு. கணக்கில் தவறில்லை, வட்டுதான் பொருந்தவில்லை. சேமிப்பகத்தை உருவாக்கும்போதே 65,536 கோப்புறைகள் உண்டாகின்றன. அதன்பின் ஒவ்வொரு துண்டும் தனிக் கோப்பு. வேண்டாதவற்றைக் கழிக்கும்போது பயன்பாட்டிலுள்ள அத்தனை துண்டுகளின் அணுகல் நேரமும், அதாவது கடைசியாகத் தொட்ட நேரக் குறிப்பும், புதுப்பிக்கப்படும். சிதறிச் சிதறி எழுதும் இந்த வேலை எஸ்எம்ஆர் வட்டுக்குக் கொஞ்சமும் ஆகாதது. இரண்டு இரவுகள் பார்த்துவிட்டு முழுக் கோப்புகளுக்கே திரும்பினோம்.

பழுதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறையைப் பிரித்தால் உள்ளே கணினிக்குள் மாட்டும் வழக்கமான சாட்டா இணைப்பு வட்டு இருக்கும், வேறு உறையில் மாட்டிக்கொள்ளலாம் என்று நம்பினேன். யூஎஸ்பி வாய் வட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. மறுபடி பற்றவைத்து வாங்கி வந்தோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நகலோடும் ஷா-256 சரிபார்ப்புத் தொகையை (கோப்பில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் எண்) அனுப்பி, மறுமுனையில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மூன்று ஆண்டுகளில் ஒரு தொகைகூடப் பிசகியதில்லை. ஒருமுறை மீட்டெடுத்த எந்திரம் கிளம்ப மறுத்தபோது, வட்டு கெட்டுவிட்டது என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன். தொகை சரியாகவே இருந்தது. அந்த எந்திரத்தின் மெய்நிகர் சிடி இயக்கியில், நிறுவிய நாளில் நாங்கள் மாட்டிய ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் சிடியின் கோப்பு வடிவம்) அப்படியே விடப்பட்டிருந்தது. காப்பு நகல் அந்த அமைவையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறது, மறுமுனையில் அந்தக் கோப்பு இல்லை. இயக்கியைக் காலியாக்கியதும் எந்திரம் எழுந்தது. வட்டின் மேல் சொன்ன பழியை நான் யாரிடமும் போய்த் திருத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாங்க வேண்டாம், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் எஸ்எஸ்டி பார்க்கவும் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். அதை அனுப்பிய மறுநாள், இறங்கிய விலையில் அதே வட்டு இன்னொன்றை வாங்கினேன். அது நிரம்ப 12 வாரங்கள் ஆகும்.